ஒரு கேன் பெட்ரோல்

குற்றாலத்து ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிற நாளில் பழக்கடையை மூடுகிறவளைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். பக்கத்துக் கடை ஜெனி என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். மங்குஸ்தான் ஒரு நாள் விற்காவிட்டால் அழுகும், அவ்வளவுதானே. என் வீட்டுக்காரர் எந்தப் படகில் கடலுக்குப் போவது என்று அன்றைக்கு முடிவாக வேண்டியிருந்தது. என்னை வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

வீட்டுக்காரர் பெஞ்சமின் உவரிப் பக்கம். நான் தென்காசி. எங்கள் வீட்டில் வயலுக்குப் பாய்கிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை யாரும் நம்பியதில்லை. கல்யாணமான புதிதில் கடற்கரையில்தான் இருந்தோம். ஒரு ஆனி மாதம் காலையில் போனவர் மறுநாள் விடிந்தும் திரும்பவில்லை. வேறு ஊர் வள்ளம் ஒன்று தற்செயலாகக் கண்டு, கயிறு போட்டு இழுத்து வந்து சேர்த்தது. உதடு வெடித்துக் கிடந்தவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். எஞ்சின் நின்றுவிட்டது, உள்ளங்கைத் தோல் உரிகிற மட்டும் அதைக் கிளப்புகிற கயிற்றை இழுத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை என்றார். அந்த எஞ்சினை நான் திட்டிய திட்டுக்கு அது இந்நேரம் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்.

கையோடு அவரைத் தென்காசிக்குக் கூட்டி வந்துவிட்டேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற வேலை. ஒரு நாள் குறை சொன்னதில்லை. ஆனால் வந்தது பாதி ஆள்தான் என்பது எனக்குத் தெரியாதா? தட்டைப் பார்த்தாலும் டிவியைப் பார்த்தாலும் என்னைப் பார்த்தாலும் ஒரே முகம். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் நானேதான் சொன்னேன், போய்த் தொலையுங்கள் என்று. ஒரு கண்டிஷனோடு சொன்னேன். ரெண்டு எஞ்சின் இல்லாத படகில் கால் வைக்கக் கூடாது.

அவருக்கோ ஒற்றை எஞ்சின்தான் வேண்டும். கரைப்பக்கம் மீன் இல்லை, தூரம் போனால்தான் பிழைப்பு, அதே பெட்ரோலுக்கு ஒற்றை எஞ்சின்தான் தூரம் போகும் என்றார். ரெண்டு எஞ்சின் என்றால் எடையும் கூடும், குடியும் கூடுமாம். ஒன்று நின்றால் இன்னொன்று கொண்டுவந்து சேர்க்குமே என்றேன் நான். சோறு வைக்கும்போதும் இதே பேச்சு, பாத்திரம் கழுவும்போதும் இதே பேச்சு.

படகு விற்கிறவர் கிதிர் முகம்மது அண்ணாச்சி, செங்கோட்டைக்காரர். கொல்லத்தில் பழைய ஃபைபர் படகுகளை வாங்கி, லாரியில் ஏற்றி, மலையிறக்கி நம் பக்கத்துக் கடற்கரையில் விற்பார். எங்கள் சண்டைக்கு அவர் சுலபமாக ஒரு மருந்து சொன்னார். ரெண்டு எஞ்சினாகவே வாங்கிக்கொள்ளுங்கள், நடுக்கடலில் ஒன்றை அணைத்துவிட்டு ஒன்றில் ஓட்டினால் பெட்ரோல் பாதிதான் ஆகும், ரெண்டு மடங்கு தூரம் கிடைக்கும், கேட்டோ, என்றார், கொல்லத்தில் ஒட்டிக்கொண்ட மலையாளத்தில். சண்டை போடுகிற ரெண்டு பேரையும் ஒரே வாயால் சந்தோஷப்படுத்துகிறவரை நான் நம்புவதில்லை. கடையில் நானும் அதைத்தானே செய்கிறேன். ஓட்டிக் காட்டுங்கள் என்றேன்.

லாரி எப்படியும் தென்காசி வழியாகத்தான் போக வேண்டும். ஆய்க்குடி போகிற வழியில் ஒரு பெரிய குளத்தை என் சித்தப்பா சங்கரபாண்டி மீன் குத்தகைக்கு எடுத்திருந்தார். மீன் மிரண்டுபோகும் என்று முதலில் முறைத்துக்கொண்டார். என் வாயைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர் என்பதால் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. படகின் பின்னால் ரெண்டு சின்ன எஞ்சின்கள் மாட்டியிருந்தன. பெரிய எஞ்சின் ஒன்று தார்ப்பாயில் சுற்றி லாரியிலேயே கிடந்தது.

தென்காசிக் கோபுரவாசலில் முந்தானையைப் பறிக்கிற அதே காற்று குளத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. இதே மேல்காற்றுதான் கிழக்கே கடலிலும். போகும்போது முதுகில் தள்ளி ஆசை காட்டும், திரும்பும்போது மூஞ்சியில் அறையும். அதனால் கிழக்குக் கரைக்குப் போய், காற்றை எதிர்த்து மேற்குக் கரைக்குத் திரும்பினால்தான் ஒரு சுற்று என்றேன். ஒவ்வொரு தடவையும் அதே கேன், அதே அளவு பெட்ரோல். கேனிலிருந்து ஒரு குழாய் எஞ்சினுக்குப் போயிற்று. கேனின் அடிப்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். பெட்ரோல் கோட்டைத் தொட்டால் படகு கரைக்கு வந்துவிட வேண்டும். இதையெல்லாம் கரையில் நின்று பார்க்கிறவள் நான் இல்லை. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கேனை மடியோடு அணைத்துப் படகில் உட்கார்ந்தேன். சித்தப்பா சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலில் ரெண்டு எஞ்சினும் ஓடின. படகு தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டு வழுக்கிப் போயிற்று. ஏழு சுற்று முடியும்போது பெட்ரோல் கோட்டைத் தொட்டது. அடுத்தது அண்ணாச்சியின் மருந்து. ஒன்றை அணைத்துத் தூக்கி வைத்துவிட்டு மற்றதை மட்டும் முடுக்கினார் என் வீட்டுக்காரர். படகு எழும்பவே இல்லை. முன்பக்கம் வானத்தைப் பார்க்க, பின்பக்கம் சேற்றில் உழுகிற மாடாகத் தண்ணீரை உழுதது. எஞ்சின் கத்திய கத்தலில் கரையில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டது. ஐந்தாவது சுற்றிலேயே பெட்ரோல் கோட்டைத் தொட்டுவிட்டது. முடுக்காமல் மெதுவாகப் போனால் மிச்சமாகும் என்று அண்ணாச்சி கரையிலிருந்து கத்தினார். மெதுவாகப் போய்ப் பார்த்தோம். எதிர்க்காற்றில் படகு கிளம்பிய இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகு அவர் கேட்டோ சொல்வதை நிறுத்திவிட்டார்.

சின்ன எஞ்சின்களைக் கழற்றிப் பெரியதை மாட்டினார்கள். இதில் என் வீட்டுக்காரர் ஓட்டியதைச் சொல்ல வேண்டும். மூட்டை தூக்கித் தூக்கிக் கூன்போட்டிருந்த முதுகு நிமிர்ந்திருந்தது. சாரல் முகத்தில் அடிக்க, ஒரு கையால் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அது நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆளின் சிரிப்பு. சந்தோஷமாக இருந்தது. இந்த ஆளைத்தான் இத்தனை காலம் வெங்காய மூட்டைக்கு அடியில் வைத்திருந்தேன்.

எட்டு சுற்று தாண்டி ஒன்பதாவதும் முடிந்தது. பெட்ரோல் கோட்டைத் தொட்டுவிட்டது, கரைக்கு விடுங்கள் என்றேன்.

"இன்னும் ஒரு சுத்து வரும்டி" என்றார்.

கோடு போட்டிருக்கிறதே என்றேன். காது கேட்காத மாதிரி கிழக்கே திருப்பினார். போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரும்போது, சரியாக நடுக்குளத்தில், எஞ்சின் ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

சத்தம் அடங்கியதும் காற்று மட்டும் கேட்டது. படகு பக்கவாட்டில் திரும்பி, எங்களைக் கேட்காமல் கிழக்கே நகர ஆரம்பித்தது. கழுத்தளவுத் தண்ணீர்தான். கரையில் சித்தப்பா துண்டை ஆட்டுவதுகூடத் தெரிகிறது. ஆனாலும் நான் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவரோ எஞ்சின் பக்கம் திரும்பக்கூட இல்லை, கயிற்றைத் தொடவில்லை. நேராக என் மடியிலிருந்த கேனை எடுத்தார், ஆட்டிப் பார்த்தார், கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இதை முன்னாலேயே ஒரு தடவை செய்த ஆள் செய்கிற மாதிரி இருந்தது.

"அன்னைக்கும் எஞ்சின் நிக்கல. அப்படித்தான?" என்று கேட்டேன்.

கரைக்கு அந்தப்பக்கம் ஆய்க்குடி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"அது நல்லாத்தான் ஓடுச்சி. நான்தான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போனேன். எண்ணெய் தீந்துட்டு."

"ரெண்டு எஞ்சின் இருந்திருந்தா?"

"ரெண்டும் ஒரே கேன்லதான செல்வி குடிக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். கழுத்தளவுதானே, சாகமாட்டார். நின்றுபோகாத ஒரு எஞ்சினை இத்தனை வருஷம் சபித்திருக்கிறேன். அதை நம்பி ரெண்டு எஞ்சின், ரெண்டு எஞ்சின் என்று ஊரைக் கூட்டியிருக்கிறேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கத்தினேன். எஞ்சின் என்றால் நீ எஞ்சினைத் திட்டுவாய், நான் என்றால் இனிமேல் கடல் பக்கமே விடமாட்டாய், அதனால்தான் என்றார். உண்மைதான், விட்டிருக்க மாட்டேன்.

பிறகு அழுதேன். இந்தக் குளத்தில் கால் நாழிகை மிதந்ததற்கே எனக்கு இப்படி இருக்கிறது. இந்த மனிதர் கரையே தெரியாத இடத்தில் ஒரு இரவெல்லாம் காலிக் கேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், தன் தப்பு என்று தெரிந்துகொண்டே. அதை யாரிடமும் சொல்லாமல் மூட்டையோடு மூட்டையாகச் சுமந்திருக்கிறார். கோபம் போகவில்லை. அதன் பக்கத்திலேயே பாவமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

போக வேண்டாம் என்று அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கேட்டிருப்பார். மறுபடியும் பாவூர்சத்திரம், மறுபடியும் அந்த முகம். அது எனக்கு வேண்டாம். ரெண்டு எஞ்சினும் வேண்டாம். ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கிறது என்கிற தைரியத்தில் இந்த ஆள் இன்னும் ரெண்டு சுற்று அதிகமாகப் போவார்.

காற்று எங்களைக் கிழக்குக் கரையில் கொண்டுபோய் முட்டவைத்தது. கடலில் முட்டுவதற்கு அப்படி ஒரு கரை கிடையாது. அண்ணாச்சியும் சித்தப்பாவும் பைக்கில் குளத்தைச் சுற்றி வந்து சேர்ந்தார்கள். என் கண்ணைப் பார்த்துவிட்டு, பயந்துபோனாள் போலிருக்கிறது என்று சித்தப்பா முடிவுகட்டிக்கொண்டார். அண்ணாச்சி புத்திசாலி, வியாபாரத்தை மட்டும் கேட்டார். ஒற்றையா, ரெட்டையா? என்னைப் பார்த்துத்தான் கேட்டார், காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் நான்தானே வாயைத் திறந்தேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். உவரியில் இருக்கிற தன் அண்ணன் ஏசுவடியானின் வள்ளம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் தொழில் செய்வேன் என்றார். மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் தீர்ந்ததும், வலையில் மீன் இருக்கிறதோ இல்லையோ, திரும்பிவிடுவேன் என்றார். இதெல்லாம் அண்ணாச்சிக்கு எதற்கு? எனக்காகச் சொன்னார். அப்புறம், "ஒத்தை எஞ்சின் போதும் அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சிக்கு ஆச்சரியம். ரெண்டு கேட்டவள் சும்மா நிற்கிறாளே. நடுக்கடலில் ஒன்றை மட்டும் நம்பிப் போகப் பயமாக இருக்காதா என்று கேட்டார்.

"பயம் இருந்தாத்தான் அண்ணாச்சி நான் திரும்புவேன்."

சித்தப்பா சிரித்தார். "நாலு தடவ போயிட்டு வந்தா அந்தப் பயம் விட்டுப் போயிரும்வே."

"விட்டுப் போகாது சித்தப்பா" என்றேன். "அதுக்கு நான் இருக்கேன்."