ஆள் பாரம்

மன்னார்குடிக்குத் தெற்கே, பெரிய பண்ணையின் மேட்டுத் திடலில் மருந்தடிக்கும் விமானம் வந்து இறங்கியபோது பண்ணையாட்களுக்கு அதை வேடிக்கை பார்க்கும் மனநிலை இல்லை. அந்தத் திடலில்தான் குடிமனை வேண்டுமென்று சங்கம் சேர்ந்து தாசில்தாரிடம் மனுக் கொடுத்திருந்தார்கள். கோட்டையில் ஆட்சி மாறியது, சட்டம் வந்தது, மேடைக்கு மேடை பேசினார்கள். திடல் மட்டும் பண்ணையிடமே இருந்தது. சம்பாப் பயிரில் புகையான் பூச்சி விழுந்ததும் அதையே சமப்படுத்தி விமானத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"மனுஷனுக்கு இல்லாத எடம் இதுக்கு இருக்கு பாருங்க" என்றாள் எல்லையம்மாள், கணவன் உத்திராபதியிடம். சங்கத்தில் அவளைப் பேசத் தெரிந்தவள் என்பார்கள். பண்ணைக் காரியக்காரர் சிங்காரவேலு வாயாடி என்பார்.

புயல் ஆந்திரா பக்கம் போகிறது என்று ரேடியோ சொன்னதை நம்பி விமானி ஜீப்பில் தஞ்சாவூருக்குப் போயிருந்தான். மத்தியானத்துக்கு மேல் கிழக்கே வானம் கறுத்தது. விமானத்தோடு இருந்த மெக்கானிக் அடைக்கலசாமி ஓடியாடி வேலை செய்தான். மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைத்தான். உள்ளே விமானி பிடித்து ஓட்டும் கைப்பிடி ஆடாதபடி இருக்கை வாரால் இறுக்கினான். இறக்கைகளிலும் வாலிலும் கயிறு கட்டி இரும்பு முளைகளில் இழுத்துக் கட்டினான். ஆனால் தொடர்ந்து பெய்த மழையில் களிமண் குழைந்திருந்தது. கயிற்றை இழுத்தால் முளை கையோடு வந்தது.

"சார், முளை நிக்காது. பாரம் வேணும். கொட்டகையில இருக்கற நெல்லு மூட்டையக் குடுங்க, கயித்துல கட்டிப் போட்டுடறேன்" என்று சிங்காரவேலுவிடம் கேட்டான்.

"குறுவை நெல்லு நனைஞ்சா முளைச்சுப் போயிடும். ஐயாவுக்கு யாருய்யா பதில் சொல்றது? ஆளுங்களப் புடிக்கச் சொல்லு. ஆளு நனைஞ்சா காஞ்சுக்குவான்."

களையெடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு ஆண்களை இறக்கைகளில் தொங்கச் சொன்னார். அடைக்கலசாமி வேண்டாமென்று கத்தியது அவர் காதில் ஏறவில்லை. காற்று ஒரே மூச்சாக வந்து மோதியது. இடது இறக்கை எழும்பியது. அந்தப் பக்கம் தொங்கிய மற்றவர்கள் குதித்துவிட்டார்கள். கைவிட நேரமில்லாத உத்திராபதி ஆளுயரத்துக்கு மேலே போய்த் தோள்பட்டை அடிபட விழுந்தான்.

எல்லையம்மாள் ஓடிவந்து அவனைப் பிடித்தாள். கை தொங்கிக் கிடந்தது. அவள் அழவில்லை.

"எல்லாரும் விட்டுட்டு வாங்க! எங்க ஆளுங்க மூட்டை இல்ல."

"யாராவது கைய எடுத்தீங்க, நாளைக்கி வயல்ல கால வெக்க முடியாது!" என்று சிங்காரவேலு கத்தினார்.

ஆட்கள் அவரையும் அவளையும் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக விலகி வந்தார்கள்.

விமானம் முளைகளை இழுத்துக்கொண்டு ஆடியது. உடையட்டும் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. ஆனால் உடைந்தால் போலீஸ் வண்டி காற்றைத் தேடிப் போகாது, தங்கள் தெருவில்தான் வந்து நிற்கும். போன வருஷம் கதவைப் பெயர்த்துப் புகுந்த போலீஸ்காரர்களை அவள் மறக்கவில்லை.

"கொட்டகச் சாவியக் குடுங்க."

"போடி! ஒதைதான் கிடைக்கும்."

முளையடித்த கடப்பாரை அங்கேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பூட்டு இரண்டாவது அடியில் தெறித்தது.

"நான்தான் ஒடச்சேன். உத்திராபதி பொண்டாட்டி எல்லையம்மாள். ஸ்டேஷன்ல இந்தப் பேரையே சொல்லுங்க!"

ஆண்களும் பெண்களும் மூட்டைகளைச் சுமந்து ஓடினார்கள். அடைக்கலசாமி இறக்கைக்கு அடியில் அடுக்கச் சொல்லிக் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டினான். வாலுக்கும் அப்படியே. காற்று பொழுது சாயும்வரை அடித்தது. தெருவில் பாதிக் கூரை போயிற்று. விமானம் முனகியது, குலுங்கியது, நின்ற இடத்திலேயே நின்றது.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். மெக்கானிக் முன்னால் வந்து, "நான்தான் சார் மூட்டை கேட்டேன்" என்றான்.

"கேட்டது நீங்க. ஒடச்சது நான். என்னைய எதுக்கு மறைக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு எல்லையம்மாள் தானே வண்டியில் ஏறினாள். கையைத் துண்டால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட உத்திராபதியோடு தெருவே பின்னால் நடந்து மன்னார்குடிக்குப் போய் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தது. விமானம் பிழைத்த சேதி கேட்ட பண்ணையார், விமானக் கம்பெனிக்காரர்கள் முன்னால் அசிங்கம், வழக்கு வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார்.

ஆனால் சிங்காரவேலு விடவில்லை. நெல்லாகத் தரவேண்டிய குறுவை அறுப்புக்கூலி பாக்கியிருந்தது. நனைந்து முளைவிட்ட மூட்டைகளைக் களத்தில் இறக்கி, "இந்தாங்க, ஒங்க கூலி" என்றார்.

எல்லையம்மாள் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துக் கீழே போட்டாள்.

"காஞ்ச நெல்லுதான் அறுத்தோம். காஞ்ச நெல்லுதான் வேணும்."

அன்றிலிருந்து யாரும் வயலில் இறங்கவில்லை. சிங்காரவேலு வெளியூர் ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தார், அவர்கள் சங்கத்துக்குப் பயந்து வரவில்லை. சம்பாவை மூடிக் களை ஏறியது. கடைசியில் பண்ணையாரே சமாதானத்துக்கு ஆள் விட்டார். கொட்டகையிலிருந்து நல்ல நெல் வந்தது. சிங்காரவேலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மரக்காலால் அளந்தார். வழக்கம்போல மரக்காலின் மேல் நின்ற நெல்லைக் கையால் வழித்துவிட்டார்.

"வழிக்காதீங்க" என்றாள் எல்லையம்மாள், எதிரே நின்று. "குமிச்சு அளங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குவித்து அளந்தார்.