ஹால்தார் வீட்டுச் சாவி

சங்கவி அம்மாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் அண்ணன் நந்தகுமாரின் குரல் கேட்டது.

"நீ சொல்லிட்டியா அம்மாகிட்ட?"

முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பினாள். பாராடாங் தீவிலிருந்து, வண்டிகளைச் சேர்த்து அனுப்பும் முதல் கான்வாயில் வந்து இறங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை அவனுக்கு. அதற்குள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வைஜெயந்தி அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள், அம்மா மரகதம் எல்லார் வீட்டுச் சாவியையும் தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்ததை.

"சொல்லிட்டேன்ணா."

"அல்சர்னு சொல்லலாம்னுதானே பேசி வச்சோம். டாக்டரே வேணாம்னாரு. பயந்தே செத்துருக்கும் அம்மா."

சொன்னது சரிதானா என்ற கேள்வி இரண்டு மாதமாக அவளுக்குள்ளும் இருந்தது.

டெலானிபூர் மேட்டில் ஓர் அலுவலகத்தின் சர்வர் அறை சங்கவியின் பொறுப்பு. கரண்ட் போனால், பேட்டரி தீர்வதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் நிறுத்தியாக வேண்டும். ஓடும் ஒரு புரோகிராமை நிறுத்த இரண்டு வழிகள். 'முடித்துக்கொள்' என்று அதற்குச் செய்தி அனுப்பலாம். அது எழுதிக்கொண்டிருந்ததை எழுதி முடிக்கும், தன் பெயரில் பூட்டி வைத்திருந்த கோப்புகளைத் திறந்துவிடும், பிறகு தானாக வெளியேறும். அல்லது செய்தியே இல்லாமல் நிறுத்தலாம். தான் நிறுத்தப்பட்டது அந்தப் புரோகிராமுக்கே தெரியாது. பாதி எழுதிய வரி பாதியில் நிற்கும். பூட்டு பூட்டியபடி கிடக்கும், மறுநாள் வருகிறவர்கள் வெளியே நிற்பார்கள். சொல்லியும் கேட்காததைத்தான் சங்கவி அப்படி நிறுத்துவாள். சொல்லாமல் நிறுத்தியதே இல்லை.

அதனால்தான் சொன்னாள் என்று அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு மாதத்துக்கு முன், அவள் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா சுறாப்புட்டுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கணையம், புற்று, மருந்து கேட்காது. மூன்றே வாக்கியத்தில் சங்கவி சொல்லி முடித்தாள்.

"எத்தனை நாளாம்?"

"ரெண்டு மாசம்னாங்கம்மா."

அம்மா கையிலிருந்த பல்லை முழுதாக உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"அல்சருக்கு எதுக்குடி உங்கண்ணன் வாராவாரம் ஓடி வர்றான்னு நெனச்சேன்." கொஞ்சம் கழித்து, "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிராத. பாவம், நல்லா நடிக்கிறான்" என்றாள்.

அழவில்லை. அன்று புட்டில் உப்பு கூடியிருந்தது. இருவருமே அதைச் சொல்லவில்லை.

மறுநாள் அம்மா சாவிகளில் தொடங்கினாள். கடல் தாண்டி மெயின்லேண்ட் போகிறவர்கள் எல்லாரும் அவளிடம்தான் சாவி கொடுத்துவிட்டுக் கப்பலேறுவார்கள். செடிக்குத் தண்ணீர், மழையில் ஒழுகினால் கீழே ஒரு வாளி, ஊர் திரும்பும் நாளில் கேனில் குடிதண்ணீர். சமையலறைச் சுவரில் பத்து ஆணிகள், பத்து சாவிகள். சிலர் ஊர் திரும்பியும் வாங்கிக்கொள்ளாமல் அங்கேயே விட்டிருந்தார்கள். நாளுக்கு ஒரு வீடு. மேடேற முடியாத நாளில் போனில் கூப்பிட்டு, வரவழைத்துக் கொடுத்தாள். எந்த ஜன்னல் சரியாகச் சாத்தாது என்பதையும் சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு ஆணியாக வெறுமையாவதைப் பார்த்துக்கொண்டிருந்த சங்கவிக்குத் தன்னால் இப்படி முடியுமா என்று தோன்றும். முடியாது என்றுதான் தோன்றியது.

வாசலில் துக்கத்துக்கு வந்திருந்தவர்களின் பேச்சு இப்போது சட்டென்று நின்றது. மேல்வீட்டு ஹால்தார், கப்பலிலிருந்து நேராக வந்தவர், கையில் பெட்டியோடு நின்றிருந்தார். கூடத்தில் கிடத்தியிருந்ததைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தார்.

"மரகதம் தீதி..."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, காலடியில் குனிந்து கும்பிட்டார். சாவி கேட்க வந்தவர், கேட்கக் கூசினார்.

"சாபி பாத் மே லே லூங்கா" என்று, சாவியை அப்புறம் வாங்கிக்கொள்வதாக, சங்கவியிடம் இந்தியில் மெல்லச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

சங்கவி சமையலறைச் சுவரைப் பார்த்தாள். ஹால்தாரின் சாவி தொங்கும் பத்தாவது ஆணியும் வெறுமையாக இருந்தது.

"ருக்கோ தாதா" என்று அவரை நிறுத்தினான் நந்தகுமார்.

அவன் கை சட்டைப் பையில் இருந்தது. வெளியே எடுத்தபோது, சிவப்பு நூல் கட்டிய சாவி. ஹால்தாரின் உள்ளங்கையில் அதை வைத்தவன், கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

"போன வாரம் அம்மா குடுத்துச்சு" என்றான் தங்கையிடம். "ஹால்தார் வர்ற அன்னிக்கு நீ இங்க இருப்ப, நீயே குடுத்துருன்னு. நான் தூங்கிட்டு இருப்பேன், எழுப்பாதன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சரிம்மான்னேன். மத்தியானத் தூக்கம்னு நெனச்சேன்."

ஹால்தார் போன பிறகு அவன் சமையலறைக்குப் போனான். சங்கவியும் பின்னால் போனாள். கடல்காற்றில் துருவேறி, பத்து ஆணிகளின் கீழேயும் சுண்ணாம்பில் சாவியின் வடிவம் பழுப்பாகப் பதிந்திருந்தது. கடைசி ஆணியின் கீழிருந்த கறையை அவன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

மேல்வீட்டில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.