சொந்த ஆளுக்கு வலிக்காது

செவ்வாய்க்கிழமை காலை நாச்சிமுத்து அண்ணன் வழக்கம்போல என்னைச் சுட்டார். வலித்தது.

வலிக்கக் கூடாது. நான் சிவப்பு அணி. அவரும் சிவப்பு அணி. சொந்த அணிக்காரன்மேல் குண்டு படாது, உடம்புக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். அதனால்தான் தினமும் காலையில் அவர் பெரிய துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் மாடியில் வீடு வீடாக வந்து ஆளுக்கு ஒரு குண்டு போடுவார். எதிரணி ஸ்பை எவனாவது எங்களில் ஒருவர் முகத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கத்திவிடுவான். கத்தாதவன் சொந்த ஆள். பால் ஊற்ற வருகிறவரைப் போலத்தான் அவரும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"சாப்ட்டாச்சா சென்னி?" என்றார்.

"ஆச்சுங்ணா" என்றேன்.

நானும் ஸ்பைதான். எங்கள் அணியின் ஸ்பை. குண்டு பட்டாலும் முகம் மாறக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அவர் அடுத்த வீட்டுக்குப் போனபிறகு பனியனைத் தூக்கிப் பார்த்தேன். விலாவில் ஓட்டை. ரத்தம் நீலமாக வந்துகொண்டிருந்தது.

ஸ்பை வேலைக்கு மரியாதை கிடையாது. துப்பாக்கிக்காரன் ஒரு கதவை உடைத்தால் மொத்த மாடியும் கை தட்டும். நான் காய்கறி வண்டிக்குப் பின்னால் நாள் கணக்கில் மறைந்து கிடந்து, வேலையை முடித்துவிட்டு வந்தால், "இத்தன நாளு எங்கப்பா போயிருந்தே?" என்று கேட்பார்கள். சரி, போகட்டும்.

என் மனைவி கோகிலவாணி எங்கள் அணியின் மெடிக். அவள் முதுகில் ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. அதிலிருந்து வரும் குழாயை யார் பக்கம் திருப்புகிறாளோ அவர் காயம் ஆறிவிடும். அவளுக்கு மரியாதை உண்டு. எதிரணி முதலில் தேடுவது மெடிக்கைத்தான்.

எங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஓர் இடைவழி. ஒருவர்தான் போக முடியும். அது எங்களுக்கு ஒரு தொந்தரவாகவே இருந்ததில்லை. ஒரே அணி என்பதால் அவள் என் ஊடாகப் போய்விடுவாள். நான் அவள் ஊடாக வந்துவிடுவேன். கல்யாணமான நாள் முதல் அப்படித்தான். கையைப் பிடித்தால் கை கைக்குள் போய்விடும். சொந்தம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். என் அப்பா அம்மாவும் அப்படித்தான் இருந்தார்கள்.

அணி பிரிக்கும் ஆபீசுக்கு லிஃப்டில் போனேன். லிஃப்ட் பஸ் மாதிரி பக்கவாட்டில் போனது. கணபதி ஸ்டாப்பில் நின்றது, காந்திபுரம் ஸ்டாப்பில் நின்றது. பூக்கூடையோடு இரண்டு பெண்கள் ஏறி, எங்கும் இறங்காமல் காணாமல் போனார்கள்.

ஆபீசில் ஒரு அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னை மாத்திட்டீங்களா?" என்றேன்.

"ஆமாங்க. நீலத்துல ஒருத்தர் பாதி ஆட்டத்துல போயிட்டாரு. ரெண்டு பக்கமும் ஆளு சமமா இருக்கோணுமில்லீங்க."

"எங்கிட்ட யாரும் சொல்லலீங்களே."

"நீங்க மறைஞ்சிருந்தீங்க. எங்கீன்னு தேடிச் சொல்றது?"



அவர் ஒரு சாவியும் ஒரு கத்தியும் கொடுத்தார். "உங்க வீடு அந்தப் பக்கம் இருக்குதுங்க. அதே வீடுதான், திருப்பிப் போட்டிருக்கும். சிவப்பு மெடிக்க முடிச்சுப்போட்டு வந்துருங்க."

"அவ என்ற சம்சாரமுங்க."

"இருக்கட்டுங்க. பின்னாடி இருந்துதான குத்தப்போறீங்க. மொகம் தெரியாது."

"செத்துருவாளே."

"செத்தா என்னுங்க? கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுருவாங்க. வேற வீட்டுல எந்திரிப்பாங்க, அவ்ளோதான்."

"வேற யார் வீட்டுல?"

"அத ஆட்டந்தான் முடிவு பண்ணும்" என்றார். உரித்த பூண்டைத் திரும்ப அதன் தோலுக்குள்ளேயே வைத்தார்.



நீல வீட்டைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீடேதான். சமையலறை இடது கைப்பக்கம் இருந்தது. காலண்டரில் எழுத்துகள் திரும்பியிருந்தன. மிக்ஸி இருந்தது, அதே உடைந்த மூடியோடு. கோகிலா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். ஸ்பை அழுதால் சத்தம் வராது. அதுவும் பழக்கம்தான்.

எதிரணி முகங்கள் எல்லாம் ஸ்பையிடம் இருக்கும். எடுத்துப் பார்த்தேன். நாச்சிமுத்து அண்ணன் முகம் இருந்தது, எதிர் வீட்டுத் தங்கராசு முகம் இருந்தது. அவற்றுக்கு அடியில் என் முகம் இருந்தது. மாட்டிக்கொண்டேன். கன்னத்தில் கொஞ்சம் லூசாக இருந்தது.

வீட்டுக்கு நடந்தேன். மாடி நீண்டுகொண்டே போனது. தங்கராசு வீட்டுக் கதவைப் பலமுறை தாண்டினேன். கடைசியில் அவரே கதவைத் திறந்து, "இன்னும் கொஞ்சந்தான், போயிருவீங்க" என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்.

கோகிலா மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முதுகு எனக்கு நன்றாகத் தெரியும். தொழில் அப்படி, நான் எல்லோரையும் பின்னால் இருந்துதான் பார்ப்பேன். பிடரியில் ஒரு மச்சம். ஜாக்கெட்டின் தையல் ஒரு பக்கம் விட்டிருக்கும். எத்தனையோ தடவை சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

"வந்துட்டேன்."

அதன்பிறகு அந்த வீட்டில் நான் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தேன். எதிரணி ஆள்மேல் பட்டால் ஊடாகப் போகாது, இடிக்கும்; அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். இடைவழிப் பக்கமே போகவில்லை. காபியைக் கூடத்துக்கு வாங்கிக்கொண்டேன். தினமும் காலையில் நாச்சிமுத்து அண்ணன் வந்து சுட்டார். தினமும் "ஆச்சுங்ணா" என்றேன். அலமாரிக்குப் பின்னால் நீலக் கறைப் பனியன்கள் சேர்ந்தன.

"ஏனுங்க, சமையக்கட்டுப் பக்கமே வர மாட்டேங்கறீங்க?" என்று கோகிலா கேட்டாள்.

"கால்வலி" என்றேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பனியனைத் துவைக்க எடுத்துப் போகும்போது மறந்துபோய் இடைவழியில் நுழைந்துவிட்டேன். எதிரே கோகிலா மாவுக் குண்டாவோடு வந்தாள். வழக்கம்போல வேகமாக வந்தாள். என்மேல் மோதினாள்.

குண்டா விழுந்தது. மாவு எங்கள் கால்களில் வழிந்தது. இரண்டு பேரும் நகரவில்லை. அவள் தோள் என் நெஞ்சில் சாய்ந்திருந்தது. சூடாக இருந்தது. என் மனைவிக்கு இவ்வளவு கனம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் வாயைத் திறந்தாள். "ஸ்பை" என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும், மாடியே ஓடி வந்துவிடும். கத்த வேண்டும், அதுதான் ஆட்டம். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"மாவு கொட்டிப்போச்சுங்க" என்றாள்.

"தொடைக்கறேன்."

"இருக்கட்டும்."

கூடத்துக்குப் போனாள். உடனே வெறுங்கையோடு அதே வழியில் திரும்பி வந்தாள். மோதினாள்.

"என்ன எடுக்க வந்தேன்னு மறந்துட்டேன்" என்றாள்.

பிறகு உப்பு எடுக்கப் போனாள். உப்பு சமையலறையில் இருந்தது, அவள் கூடத்துக்குப் போனாள். பிறகு வைக்க வந்தாள். எனக்கும் அந்தப் பக்கம் ஆயிரம் வேலை இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஆட்டத்திலும் இருந்ததில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் சமையலே ஆகவில்லை.

வெயில் தாழ்ந்தபிறகு கேட்டாள். "நீங்க நீங்கதானா?"

"நான்தான். அணிதான் வேற."

"எப்பிருந்து?"

"போன வாரம் செவ்வாக்கிழமை."

"அப்ப, காலைல அண்ணன் போடற குண்டு?"

"பட்டுச்சு."

அவள் என் பனியனைத் தூக்கிப் பார்த்தாள். குழாயை என் பக்கம் திருப்பினாள். எதிரணிக்காரனை ஆற்றுவது மெடிக் செய்யக் கூடாத தப்பு. ஓட்டைகள் மெல்ல மூடின. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே செய்தாள்.

"உங்களுக்கு என்ன வேல குடுத்திருக்காங்க?"

"உன்னக் குத்தச் சொல்லியிருக்காங்க."

"குத்துனா வேற வீட்டுலதான எந்திரிப்பேன்?"

"ஆமா."

"எனக்கு வேண்டாமுங்க" என்றாள்.

கத்தியை அரிசிப் பாத்திரத்துக்குள் போட்டு மூடினேன்.

வெள்ளிக்கிழமை நாச்சிமுத்து அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "உன்ற மொகம் என்னமோ தொளதொளன்னு இருக்குது" என்றார். சந்தேகத்துக்கு இரண்டு குண்டு போட்டார். சனிக்கிழமை நெஞ்சில் போட்டார். என்னால் முடியவில்லை. இருமிவிட்டேன்.

"இருமலா?"

"சளிங்ணா."

"நாளைக்கு வந்து நல்லாப் பாக்கறேன்" என்றார். போகும்போது செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு போனார். நல்ல மனுஷன்தான். நாளைக்கு அவர் கையால்தான் முடியப்போகிறேன் என்று தெரிந்தது. அதுகூடப் பரவாயில்லை, ஆனால் எழுந்திருக்கப்போவது வேறு வீட்டில்.

கோகிலா குழாயைத் திருப்பினாள். கொஞ்சமாக வந்தது, அப்புறம் காற்றுத்தான் வந்தது. சிலிண்டரைத் தட்டிப் பார்த்தாள். ஓட்டை பாதி மூடியும் மூடாமலும் நின்றது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வலித்தது. கையை எடுக்க வேண்டாம் என்றேன்.

நான் கண்ணசந்த நேரத்தில் அவள் தலை சீவி, வெளியே போகும்போது கட்டும் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். லிஃப்ட் பக்கவாட்டில் போகும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பி வந்தபோது நான் இடைவழியில் காத்திருந்தேன். அவள் இடைவழிக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"எங்க போயிருந்த?"

"ஆபீசுக்கு. நானும் நீலத்துக்கு வந்துட்டனுங்க."

"யாரு மாத்தினாங்க?"

"நானே போய்க் கேட்டேன். இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்லீன்னு அந்தம்மா சொன்னாங்க. கேட்டதுனால குடுத்துட்டாங்க. பதிலுக்கு நீலத்துல ஒருத்தர சிவப்புக்கு அனுப்பறாங்களாம்." சாவியைக் காட்டினாள். "நாம அந்த வீட்டுக்குப் போயிரலாம். அங்க சுட்டா உங்களுக்கு வலிக்காது."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கோபம் வந்தது.

"எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டீங்க."

"போறதுக்கு முந்தி இன்னொருக்கா இந்த வழியா வந்துட்டாவது போயிருக்கலாமில்ல, கோகிலா?"

அவள் முகம் கோணியது. "வந்திருந்தா நான் போயிருக்க மாட்டனுங்க" என்றாள்.

"எனக்கு வலி பரவால்லன்னுதான இருந்தேன்."

"என்னால இருக்க முடியலீங்க."

அவள் கையிலிருந்த பையை வாங்கினேன். பை கைமாறியது. விரல்கள் விரல்களுக்குள் போய் வந்தன. அவள் அழுதாள். கண்ணைத் துடைக்கப் போனேன், என் கை அவள் முகத்துக்குள் போய் நின்றது. எடுத்துக்கொண்டேன்.

நீல வீட்டுக்குப் போகும் வழி நீளவில்லை. கதவைத் திறந்ததும் வீடு. அவள் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு அரிசி ஊறப்போட்டாள். காலையில் யாரோ ஒரு நீலத் துப்பாக்கிக்காரர் வந்தார், ஆளுக்கு ஒன்று போட்டார், சாப்பிட்டாச்சா என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை. என் சொந்த முகத்தோடு, புதுக் காயமே இல்லாமல் இருந்தேன். அப்படி ஒரு வெறுப்பு வந்தது எனக்கு.

அவள் மாவை ஆட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். நான் இடைவழியின் நடுவில் போய் நின்றேன்.

"நகருங்க" என்றாள்.

"நீ வா."

"வேண்டாமுங்க."

"வேகமா வா, கோகிலா."

அவள் குண்டாவைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஓடி வந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக் கால்களை ஊன்றி நின்றேன்.

அந்தப் பக்கம் அவள் சுவரில் போய் முட்டும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. அவளும் திரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

"வலிச்சுதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.