கணவர் அல்லது காப்பாளர்

பேனா சோற்றுத் தட்டுக்கும் தண்ணீர்ச் சொம்புக்கும் நடுவில் கிடந்தது. அதன் கீழே ஆஸ்பத்திரிப் படிவம். மாரியப்பன் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டானே தவிர, அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை.

"எட்டு வாரமா கேட்டுகினு கீறேன். நாளைக்கு வார்டுல சேரணும். ஒரே ஒரு கையெழுத்துய்யா," என்றாள் நீலா.

"தொடைய அழகு பண்ணிக்கினு யாருக்குக் காட்டப் போறே?"

கேட்டுவிட்டு அப்பளத்தைக் கடித்தான். கதவோரம் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவன் அம்மா மண்ணாங்கட்டி, "நல்லா கேளு நைனா," என்றாள்.

சொல்லிச் சொல்லி நீலாவுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. காலை ஏழு மணியிலிருந்து எண்ணூர் பக்கத்து இறால் கம்பெனியில் ஈர சிமெண்டுத் தரையில் நின்று, இறால் தலையைக் கிள்ளிவிட்டு எர்ணாவூர் வீட்டுக்கு வந்தவள். உட்காரவும் முடியவில்லை. காலை அகட்டி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் நூற்றெட்டு கிலோ. சர்க்கரை டாக்டர் பயமுறுத்தியதில், விடியற்காலையில் நெடுஞ்சாலையோரம் நடக்க ஆரம்பித்தாள். துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கிடக்கும் கண்டெய்னர் லாரிக்காரர்கள் அவளுக்கு யானைக்கவுனி என்று பெயர் வைத்தார்கள். மாரியப்பனும் டிரைலர் ஓட்டுகிறவன்தான். அந்தப் பெயர் அவன் காதுக்கும் போய், வீட்டுக்குள்ளும் வந்தது. அவள் விடவில்லை, நடந்தாள். சோற்றைப் பாதியாக்கினாள். அறுபத்திரண்டு கிலோவுக்கு வந்தாள். வந்ததும் தெரு வேறு பேச்சு பேசியது. இப்படி இளைக்கிறாளே, லாரிக்காரன் பெண்டாட்டி வேறு, இது அந்த நோய்தான் என்று முடிவு கட்டி, தண்ணி லாரி வரிசையில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். பெண்பிள்ளை குண்டானாலும் தப்பு, இளைத்தாலும் தப்பு. எந்த எடையில் இருந்தால் இவர்களுக்குச் சரி என்று யாரும் சொல்லித் தொலைக்க மாட்டார்கள்.

கொழுப்பு போயிற்று, தோல் போகவில்லை. இரண்டு தொடையிலும் உள்பக்கத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. நடந்தால் உரசும். வியர்வையும் இறால் தண்ணீரும் பட்டுப் புண்ணாகும். பவுடர் போட்டுப் பார்த்தாள், தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தாள். கடைசியில் மாரியப்பனின் பழைய லுங்கியைக் கிழித்து, ஒவ்வொரு தொடையிலும் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயந்திரம் அவிழ்க்கும்போது துணியோடு தோலும் பிய்ந்து வரும். இன்னொரு நாள் லீவு போட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

பெரிய ஆஸ்பத்திரி லேடி டாக்டர் பார்த்தவுடனே சொன்னார். அதிகப்படியான தோலை வெட்டியெடுத்துத் தைத்துவிடலாம், இடுப்பு மடிப்பிலிருந்து முழங்கால்வரை தழும்பு இருக்கும், ஆறு வாரம் நிற்கக்கூடாது, ஆனால் புண் ஆறும். அழகு என்ற வார்த்தையை அவர் உச்சரிக்கவே இல்லை. தேதியும் கொடுத்தார். நர்ஸ் ஆலிஸ்தான் படிவத்தைத் திருப்பித் தந்தாள். "கணவர் அல்லது காப்பாளர், இந்தக் கட்டம் காலியா கீது பாரு. ஆம்பள கையெழுத்து இல்லாம அனுப்பினா என்னத்தான் திட்டுவாங்க. வாங்கினு வாம்மா."

வயது வந்தவளின் உடம்புக்கு அவள் கையெழுத்தே போதும் என்பது சட்டமாம். சட்டத்துக்கு அந்த வார்டுக்கு வழி தெரியவில்லை.

மாரியப்பன் கை கழுவிக்கொண்டு வந்தான்.

"புள்ள போதும்னு ஆபரேசன் பண்ணப்போ, வண்டிய ஆஃப் கூட பண்ணாம ஓடியாந்து போட்டியே கையெழுத்து. அன்னிக்கு எங்க வெட்றாங்க, இன்னா வெட்றாங்கன்னு கேட்டியாய்யா?" என்றாள் நீலா.

"அது வேறமே. அது குடும்பத்துக்கு."

"இது?"

"இது ஒனக்கு."

அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான். நீலா சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

"வெளக்கு போட்டா தொட கலீஜா கீதுன்னு மூஞ்சிய திருப்பிக்கினது யாரு?"

அவன் பாயை உதறினான். மண்ணாங்கட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளதைச் சொன்னாள். "ஆறு வாரம் நீ கால நீட்டிக்கினு படுத்தா, வூட்ல சோறாக்குறது யாருமே?"

படிவம் அப்படியே கிடந்தது. ஓரத்தில் ஒரு சொட்டு ரசம்.

மறுநாள் காலை அவன் வண்டிக்குப் போன பிறகு, நீலா படிவத்தை மடித்து ஜாக்கெட்டில் சொருகிக்கொண்டு கிளம்பினாள். மண்ணாங்கட்டி போகவும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. அடுப்படியில் எந்த டப்பாவில் பருப்பு இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

வார்டு வாசல் பெஞ்சில் நீலா அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பர்தா போட்ட ஒரு பெண், வெந்துபோன கையை மடியில் வைத்துக்கொண்டு, அதேபோல் ஒரு படிவத்தைப் பிடித்திருந்தாள். வீட்டுக்காரர் மீஞ்சூரிலிருந்து வர வேண்டுமாம். மூன்று நாளாக வர வேண்டுமாம்.

நீலா பேனாவைத் திறந்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. கணவர் அல்லது காப்பாளர் என்ற கட்டத்தில் 'மா. நீலா' என்று எழுதினாள். உறவுமுறை என்று கேட்டிருந்த இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'நானே' என்று எழுதினாள். போலீஸைக் கூப்பிடுவார்களோ, டாக்டர் துரத்திவிடுவாரோ என்றெல்லாம் நினைத்தாள். கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஆலிஸ் படிவத்தை வாங்கினாள். விரலால் கட்டம் கட்டமாகத் தடவினாள். எல்லாவற்றிலும் மை இருந்தது. முத்திரையைக் குத்தி ஃபைலில் சொருகினாள்.

"ஏழாம் நம்பர் பெட்டு. வளையல கழட்டி வூட்டாளுங்க கைல குட்துடு."

"கூட யாரும் வர்லக்கா."

"சரி, பைல போட்டுக்கோ. அடுத்தது யாரு?"

அவ்வளவுதான். நீலா நகராமல் நின்றாள். சந்தோஷம் வரவில்லை, அசதிதான் வந்தது. எட்டு வாரம் ஒருத்தன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அதற்குள் எத்தனை லுங்கித் துணி, எவ்வளவு ரத்தம். அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட இங்கே ஒரு ஆள் கிடையாது.

காலை அகட்டி அகட்டி, பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள். பர்தா போட்ட பெண் இன்னமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலா அவளிடம் பேனாவை நீட்டினாள்.

"நீயே போடும்மா. அந்தக் கட்டத்த யாரும் படிக்கிறதில்ல."