அக்கா அனுப்பிய பதில்கள்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, அக்காவின் லாகினில் ஒரு புகார்கூடப் பாக்கியில்லை. முந்தின நாள் மாலை நாற்பத்திரண்டு இருந்தன. அவளே எண்ணிக் கைநோட்டில் குறித்து வைத்திருந்தாள்.

பக்கத்து சீட்டு அக்கா வேலையை விட்டுப் போய் மூன்று மாதமாகிறது. புது ஆளைப் போடவில்லை. பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை எடுத்தால் ஆள் குறைந்தது மேலிடத்துக்குத் தெரிந்துவிடுமென்று மேனேஜர் அதை அப்படியே விட்டுவைத்திருந்தார். பாஸ்வேர்டை இவளிடம் கொடுத்து, பத்து நாள் மட்டும் இரண்டு பேர் வேலையையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எதைக் கேட்டாலும் பத்து நாள் என்பவர்; ஆபீசில் அவருக்குப் பெயரே பத்துநாள்தான். அன்றிலிருந்து தன் பெயரில் பாதி, அக்கா பெயரில் பாதி என்று வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

இன்று மாலை நான்கு மணிக்கு அவளுக்குப் பரீட்சை. இரண்டு வருட மாலை வகுப்பின் கடைசித் தாள். தேறிவிட்டால் இந்த இடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். மூன்று மணிக்குக் கிளம்பக் கேட்டதற்கு, அக்காவின் பாக்கியை முடித்துவிட்டுத் தாராளமாகப் போகச் சொல்லியிருந்தார் பத்துநாள்.

அனுப்பிய பதில்களைத் திறந்தாள். எல்லாம் இன்று காலை ஏழிலிருந்து எட்டேமுக்காலுக்குள் போயிருந்தன. அந்நேரம் அவள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். நிஜமாகவே நின்றோமா என்று சந்தேகம் வந்து, பையைத் துழாவி டிக்கெட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். வாக்கியங்களும் அவளுடையவை அல்ல. ‘உங்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் கோபம் வரும்’ என்று எழுதித் திட்டு வாங்கியது அக்கா ஒருத்திதான்.

மாடிப்படிப் பக்கம் போய் அக்காவுக்கு போன் செய்து, பாஸ்வேர்டை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டாள். வேலையை விட்ட அன்றே அதைத் தலைமுழுகியாயிற்று என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது.

“ஏன்டி, நாப்பத்திரண்டா?”

எண்ணிக்கையை இவள் சொல்லவே இல்லை.

“காலையில அசந்து தூங்கிட்டேன். அந்த சீட்லயே உக்காந்து அடிச்சுத் தள்ற மாதிரி கனவு. எழுந்தா விரலெல்லாம் வீங்கிக் கிடக்கு.” பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினாள். “போறேன்னு நான் சொன்னப்போ, அந்த ஆளு சரின்னு சொல்லவே இல்லடி. பத்து நாள் போகட்டும்னுதான் சொன்னாரு.”

மூன்று மணிக்குப் பத்துநாளின் முன் போய் நின்று, பாக்கி முடிந்தது என்றாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மனசு வைத்தால் முடிகிறதல்லவா என்று மெச்சி, புதிதாக அறுபதை அக்கா பெயருக்குத் தள்ளிவிட்டார்.

“சார், பரீட்சைக்கு நேரமாச்சு. நான் போலாமா?”

“அதப் பத்து நாள் கழிச்சு எழுதக்கூடாதாம்மா?”

“சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். அது போதும்.”

அவர் தலையசைத்தார். அது சரி என்றா, முடியாது என்றா, அவளுக்குப் புரியவில்லை. சரி என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

படியில் கால் வைக்கும்போது உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்டது. நாலு தட்டு வேகமாக, பிறகு ஒரு தயக்கம், அடித்ததை அழித்து மறுபடி. அப்படித் தயங்கி அடிப்பது அந்த ஆபீசில் தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். பத்துநாள், அவள் சற்றுமுன் விட்டுவந்த நாற்காலியின் முதுகில் கைவைத்துக் குனிந்து, அப்படித்தாம்மா, அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

அவள் இறங்கினாள். இரண்டாம் மாடி, முதல் மாடி, வாசல். வெயிலில் கண் கூசியது. பஸ் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பி, பாலம் தாண்டி, ஆபீஸ் கட்டடம் கண்ணுக்கு மறைந்த பிறகும் அந்தச் சத்தம் அதே தூரத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தது.