சாப்பாட்டு மேஜையில் மாறிய கொலைகாரர்கள்

தியேட்டரின் கழிப்பறை வரிசை ஒரு கதாசிரியை நிற்கவே கூடாத இடம். படம் பார்த்துவிட்டு வரும் பெண்கள் மனதில் இருப்பதை அங்கேதான் கொட்டுவார்கள். அது தெரியாமல், தன்னுடைய மூன்றாவது துப்பறியும் நாவல் படமாக வெளிவந்த முதல் நாளே கதாசிரியை அந்த வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

“இன்டர்வெல் வரைக்கும் நல்லாத்தாண்டி போச்சு,” என்றாள் அவளுக்கு முன்னால் நின்றவள், தோழியிடம்.

“ஆமா. டிரைவர்தான் கொன்னிருப்பான்னு நினைச்சேன். எல்லாம் பொருந்தி வந்துச்சு. கடைசியில பார்த்தா பல் டாக்டராம்! அந்தாளு வந்ததே ரெண்டு சீன்தான்.”

“கதை எழுதினவங்களுக்கே கடைசி வரைக்கும் கொலைகாரன் யாருன்னு தெரியாது போல.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதாசிரியையும் யாரோ எழுதிய கதை மாதிரி சிரித்துவைத்தாள். பிறகு வந்த வேலையை மறந்து வரிசையை விட்டு விலகி, வெளியே நின்ற கணவரிடம் “வாங்க, போலாம்” என்றாள். அவர் கையில் பாப்கார்ன் இன்னும் பாதி இருந்தது. வீடு போய்ச் சேரும்வரை அதைக் கொறித்துக்கொண்டே வந்தார். அந்தச் சத்தம் வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

படம் பார்த்தவர்கள் ஒரு நாளில் சொன்னதை, புத்தகம் படித்தவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இணையத்தில் ‘ராக்கோழி’ என்ற பேரில் ஒரு வாசகர் இருந்தார். அவளுடைய புத்தகம் வந்தால் போதும், முதல் ஆளாக வாங்கிப் படித்து முதல் ஆளாகத் திட்டுவார். ‘கடைசி அத்தியாயத்தில் அம்மையார் வழக்கம்போல் நமக்குக் காது குத்தியிருக்கிறார்’ என்று ஒருமுறை எழுதினார். அதன் கீழே இன்னொருவர், ‘பேய்க் கதையில் பேய் வராவிட்டால்கூட மன்னித்துவிடுவேன். துப்பறியும் கதையில் தடயமே இல்லாமல் ஒருவனைக் கொலைகாரன் என்றால் மன்னிக்க மாட்டேன்’ என்றிருந்தார். ஐந்து புத்தகத்துக்கும் இதே பாட்டுதான்.

பதிப்பாளர் தங்கமான மனிதர். அவரே போனில் இழுத்தார். “அடுத்ததும் இப்படித்தான்னா, இந்தத் தொடரை இதோட நிறுத்திக்கலாம்மா. எனக்கும் மனசில்ல. ஆனா படிக்கிறவங்க விலகிப் போறாங்களே.”

அந்தத் தொடரை விட்டால் அவளுக்கு வேறு எழுத வராது. ஒருமுறை காதல் கதை எழுதிப் பார்த்தாள். மூன்றாவது பக்கத்திலேயே கதாநாயகன் படிக்கட்டுக்குக் கீழே செத்துக் கிடந்தான். கொலை இல்லாமல் அவளுக்கு ஒரு பாரா ஓடாது. ஆறாவது புத்தகம் கவிழ்ந்தால் எழுத்தே கவிழ்ந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனால் கோளாறு எங்கே என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அது இருந்தது அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணைச் சோதித்து, லென்ஸ் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று நாள் முழுக்க ஊராரைக் கேட்பது அவர் பிழைப்பு. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வருவார். எழுதி முடித்த அத்தியாயத்தை அப்போது அவருக்குப் படித்துக் காட்டுவது அவள் வழக்கம். அவர் தலை நிமிராமல் சாப்பிடுவார். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாது. இரண்டாவது, மூன்றாவது அத்தியாயத்தில் திடீரென்று, அந்த மூன்றாவது நாவலில் கேட்ட மாதிரி, “டிரைவர்தானே?” என்பார். அவ்வளவுதான். மறுபடி சாப்பாட்டில் இறங்கிவிடுவார்.

அவளுக்குச் சுருக்கென்று ஏறும். சோற்றுக் கை காய, எழுந்து போய்விடுவாள். மென்றுகொண்டே கண்டுபிடிக்க முடிகிற கொலைகாரன் ஒரு கொலைகாரனா? அன்றைக்கே டிரைவரை விடுதலை செய்துவிட்டுப் பல் டாக்டரைப் பிடித்துப் போடுவாள். எழுதிய அத்தியாயங்களில் மட்டும் கை வைக்க மாட்டாள். அவை நன்றாக வந்திருக்கின்றனவே! அதனால் தடயங்களெல்லாம் டிரைவரையே காட்டிக்கொண்டு நிற்க, கடைசியில் விலங்கு மட்டும் டாக்டர் கையில் ஏறும். ஐந்து புத்தகத்திலும் இதே கதை. வாசகர்கள் திட்டத் திட்ட, இன்னும் ஆழமாக ஒளித்துவைக்க வேண்டும் போலிருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஆறாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஓர் அடுக்குமாடிக் கட்டடம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பிணமாகக் கிடக்கிறார். மூன்றாம் மாடியில் நாய் வளர்க்கும் ஓர் அம்மா. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். செயலாளரின் மைத்துனன், வெயிலோ மழையோ குடையை விடாதவன். கொன்றது அந்தக் குடைக்காரன்தான்.

இரண்டாவது அத்தியாயத்தைப் படித்துக் காட்டியபோது கணவர் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதில் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

“எனக்கு அந்த நாய்க்காரம்மா மேலதான் டவுட்டு.”

அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! அதன்பிறகு எத்தனை அத்தியாயம் படித்தாலும் மனிதர் நாய்க்காரம்மாவை விடுவதாக இல்லை. “அடிச்சுச் சொல்றேன், அந்தம்மாதான்” என்று சாதித்தார். கடைசி அத்தியாயத்தில், “அட, குடைக்காரனா!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அவள் ஒரு வரியைக்கூட மாற்றாமல் பதிப்பாளருக்கு அனுப்பினாள்.

புத்தகம் வந்தது. ராக்கோழி எழுதினார்: ‘ஒருவழியாக அம்மையாருக்குக் கொலை செய்யத் தெரிந்துவிட்டது! நாலாவது அத்தியாயத்திலேயே குடைக்காரனைப் பிடித்துவிட்டேன். நான் பிடித்தது சரிதானா என்று பார்க்க மீதியை ஒரே மூச்சில் படித்தேன்.’ கீழே வரிசையாக, ‘எனக்கும் அந்தக் குடை உறுத்தியது’, ‘எனக்கும்தான்’. பதிப்பாளர், “அடுத்தது எப்பம்மா?” என்று கேட்டுவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. ஊரே நாலாவது அத்தியாயத்தில் பிடித்த ஆளை, ஐந்து புத்தகத்திலும் முந்திக்கொண்டு பிடித்த மனிதர் எப்படிக் கோட்டைவிட்டார்? செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

கணவர் வேலையில் இருந்தார். எதிரே நாற்காலியில் ஒரு பெரியவர், மூக்கின்மேல் சோதனைக்கான இரும்புச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய எழுத்துகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடைக்காரன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்றாள்.

கணவர் அவளைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். கையிலிருந்த சில்லைத் துடைத்தார். “ரெண்டாவது அத்தியாயத்துல.”

“அப்ப நாய்க்காரம்மா?”

“சும்மா சொன்னேன். சரியாச் சொன்னா நீ ஆளை மாத்திடறியே.”

“நடிச்சீங்களா? நெத்தியில அடிச்சுக்கிட்டதெல்லாம் நடிப்பா?” அவள் குரல் கிரீச்சிட்டது. “இதுக்கு முன்னாடி அஞ்சு புத்தகம்! அஞ்சுலயும் நான் முதல்ல எழுதினதுதான் சரின்னு உங்களுக்குத் தெரியும். அப்பவே வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“சொன்னேனே,” என்றார் அவர் பாவமாக. “டிரைவர்தானேன்னு கேட்டேனே.”

“அது எப்படிங்க சொன்னதாகும்?”

“கண்ணாடிக்குச் சீட்டு எழுதற எனக்கே கண்டுபிடிக்க முடியுதுன்னா என்ன அர்த்தம்? நீ அவ்வளவு தெளிவா எழுதியிருக்கேன்னு அர்த்தம். நான் பாராட்டினேம்மா. நீ பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிடுவே.”

அவளுக்கு அப்படியே அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அழுகையும் வந்தது. ஐந்து புத்தகத்தின் கொலைகாரர்களையும் அநியாயமாக விட்டுவிட்டோமே என்று ஆற்றாமையாக இருந்தது. இப்படி ஒரு பாராட்டை எந்த வீட்டில் கண்டார்கள்?

‘குடைக்காரன்’ என்று கேட்டதுமே அதிர்ந்துபோய், மற்றதெல்லாம் காதில் ஏறாமல் நாற்காலியில் இருந்த பெரியவர் அப்போதுதான் சட்டத்தோடு தலையைத் திருப்பினார். மடியில் கிடந்த பையிலிருந்து அவளுடைய புத்தகத்தை எடுத்தார். நடுவில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

“ஏம்மா, கண்ணு வலிக்குதுன்னு பாதியில நிறுத்திட்டு கண்ணாடி மாத்த வந்தேன். நான் லிஃப்ட்காரன்தான்னு நினைச்சிட்டிருந்தேன். இப்படி வந்து போட்டு உடைச்சிட்டீங்களே! இதை எழுதின புண்ணியவதி எவ்வளவு கஷ்டப்பட்டு ஒளிச்சு வச்சிருப்பாங்க? உங்களுக்கென்ன தெரியும் அந்தக் கஷ்டம்?”

அவள் அந்தப் பஸ் டிக்கெட்டையே பார்த்தாள்.

“பரவாயில்லைங்க, படிங்க,” என்றார் கணவர், சில்லைச் சட்டத்தில் செருகிக்கொண்டே. “தெரிஞ்சே படிச்சாலும் கீழ வைக்க முடியாது. நான் அப்படித்தான் படிச்சேன். அச்சுல வந்தப்புறம் கடையில உட்கார்ந்து மறுபடியும் ரெண்டு தடவை படிச்சேன். இதுக்கு முந்தின அஞ்சையும்தான். ரொம்ப நல்லா எழுதுவாங்க அவங்க.”

பெரியவர் சமாதானமாகிச் சுவரைப் பார்த்துத் திரும்பினார். கதாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரை முறைத்தாள்.

“இதை என்கிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு மூணாவது மனுஷர் வேணுமா?”