தாயம்மா கட்டிய வேப்பிலை

அம்மை குத்த ஆஸ்பத்திரி டிரசர் வருகிறார் என்று, கூலிகளை மேய்க்கும் மண்டோர் சத்தம் போட்டுவிட்டுப் போனதும், தாயம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மலாயாவில் கெர்லிங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. மடியில் கைக்குழந்தை நவமணி. மூத்தவனுக்குப் போன வருஷம் ஊசி குத்தினார்கள். அந்த மாதமே காய்ச்சல் கண்டு போய்விட்டான். ஊசியால் போனானா, குத்தவிட்டதற்கு மாரியாத்தா கோபித்துக்கொண்டாளா? கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். பாவம், அவள் யாரைத்தான் நம்புவாள்!

யோசனை ஒன்று வந்தது. யோசனையா அது, கூத்து! கோயில் வேம்பில் ஒரு கொத்து ஒடித்து வந்து வாசலில் கட்டினாள். ஆத்தா இறங்கிய வீட்டுக்குள் அன்னிய ஆள் கால் வைக்கமாட்டான் அல்லவா? டிரசரும் அப்படியே போய்விடுவார் என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் லயத்து வரிசை வீட்டுச் சனமே கூடிவிட்டது. ஒருத்தி கூழ் கொண்டுவந்தாள், ஒருத்தி மஞ்சள் நீர் தெளித்தாள். பக்கத்து வீட்டு வள்ளியம்மா வாசலில் விழுந்து, "தாயே, எம்புள்ளைங்கள ஒண்ணும் செஞ்சிடாதே" என்று கும்பிட்டாள். காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்துத்தான்! இப்போது பயந்தது தாயம்மாதான். பொய்யாகக் கூப்பிட்டாலும் கூப்பிட்டதுதானே. ஆத்தா நிஜமாகவே வந்துவிட்டால்?

டிரசர் செல்லையா வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். வேப்பிலையைக் கண்டு அவர் திரும்பிப் போகவில்லை. "அம்மை கண்ட பிள்ளையை ஒதுக்குக் கொட்டிலுக்குக் கொண்டுபோக வேணும். வண்டியைக் கட்டச் சொல்லு" என்றார் மண்டோரிடம்.

தாயம்மா ஓடிவந்து டிரசரின் வழியை மறித்தாள். அந்தக் கொட்டிலில் நிஜமாகவே அம்மை போட்டவர்கள் கிடந்தார்கள். நல்ல பிள்ளையை அவர்கள் நடுவிலா கொண்டுபோய்ப் போடுவது!

"ஐயா! ஆத்தா வரலய்யா! நாந்தான் பொய்யாக் கட்டினேன்!"

வள்ளியம்மா எழுந்து முந்தானையை உதறினாள். "அடிப்பாவி! அப்ப நான் யாரடி கும்பிட்டேன்?"

"எனக்கே தெரியலக்கா" என்று அழுதாள் தாயம்மா.

செல்லையா குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளம்கூட இல்லை. "ஏன் பிள்ளை இந்தப் பொய்?"

"மூத்தவன் ஊசி குத்தித்தானே போனான்?"

"அது குளிர்காய்ச்சல். அந்த மாதம் குத்தாத பிள்ளையளும் செத்ததுகள்." அவர் குரல் தணிந்தது. "பக்கத்துத் தோட்டத்தில இப்ப அம்மையில சாகுதுகள். அதில ஒண்டும் குத்தின பிள்ளை இல்லை."

அவர் சொல்வது உண்மையா? ஆத்தா கோபிப்பாளா, மாட்டாளா? தாயம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும், அது மட்டும் விளங்கியது. டிரசர் குழந்தையின் கையைப் பிடித்து ஊசியை எடுத்தார். அவள் சட்டென்று ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குறுக்கே தன் கையை நீட்டினாள்.

"மொதல்ல எனக்குக் குத்துங்கய்யா. ஆத்தாவுக்குக் கோவம் வந்தா எம்மேல வரட்டும். அப்புறமா புள்ளைக்குக் குத்துங்க."